லேபிளில் இருக்கும் அந்த வருஷம்... பர்கண்டி ஒயின் குடும்பங்களின் கதை!

2008 ஏப்ரல். நியூயார்க்கில் பழைய ஒயின் பாட்டில்களுக்கு ஓர் ஏலம். 'தொமேன் போன்சோ' என்ற பிரெஞ்சுக் குடும்பத்தின் பெயர் போட்ட பாட்டில்களும் அந்தப் பட்டியலில் இருந்தன. தோட்டத்தின் பெயர் 'க்ளோ சன் தெனி'. லேபிளில் 1945, 1949, 1959, 1971 என்று பழைய வருஷங்கள். பணக்கார கலெக்டர்கள் கையைத் தூக்கக் காத்திருந்தார்கள்.

இந்தப் பட்டியல் விஷயம் லோரான் போன்சோவின் காதுக்குப் போனது. அப்போது அந்தக் குடும்பத் தோட்டத்தை நடத்திக்கொண்டிருந்தவர் அவர்தான். கேட்டதும் தூக்கிவாரிப் போட்டது. ஏன்னா, அவங்க வீட்டில் அந்தத் தோட்டத்து ஒயினைத் தயாரிக்க ஆரம்பித்ததே 1982-ல்தான்! அப்போ 1945 எங்கே இருந்து வந்தது?

மனுஷன் ஃப்ளைட் ஏறி நேராக ஏலம் நடக்கிற இடத்துக்கே போய் நின்றுவிட்டார். பாட்டில்கள் ஏலத்திலிருந்து விலக்கப்பட்டன. அவற்றைக் கொடுத்தவர் ரூடி குர்னியவான் என்ற இளைஞர். பிறகு அமெரிக்காவின் எஃப்.பி.ஐ விசாரித்தது. 2012-ல் கைது. கலிஃபோர்னியாவில் இருந்த அவர் வீட்டைத் திறந்தால், காலி பாட்டில்கள், கார்க்குகள், அச்சடித்த லேபிள்கள் என ஒரு குட்டி ஃபேக்டரியே நடந்துகொண்டிருந்தது. 2014-ல் 10 வருஷம் சிறைத்தண்டனை. 'சோர் கிரேப்ஸ்' என்று 2016-ல் டாக்குமென்டரியே வந்தது.

பாட்டிலின் தூசி வரை பார்த்துப் பார்த்து ஏமாற்றத் தெரிந்தவருக்கு, ஒரு நாலு இலக்க எண்ணை மட்டும் சரியாகப் போடத் தெரியவில்லை. இந்தக் கட்டுரை அந்த நாலு இலக்கத்தைப் பற்றித்தான். 'மது நாட்டுக்கும் வீட்டுக்கும் கேடு'ன்னு எழுதி ஒட்டுற ஊர்க்காரங்க நாம். அதனால் குடிக்கச் சொல்லி எழுதுகிறேன் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். இது விவசாயக் கதை. கொஞ்சம் சொத்துத் தகராறும் உண்டு.

வருஷத்துக்கு ஒரே ஒரு சான்ஸ்

தேனிப் பக்கம் கம்பம் பள்ளத்தாக்குக்குப் போயிருக்கிறீர்களா? பந்தலில் பன்னீர் திராட்சை தொங்கும். 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் கொண்டுவந்த ரகம் என்பார்கள். 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அங்கே குளிர்காலம் என்று பெரிதாக எதுவும் கிடையாது, கொடி தூங்குவதே இல்லை. கவாத்து செய்தால் துளிர்க்கும், காய்க்கும். மறுபடி கவாத்து, மறுபடி காய். வருஷத்துக்கு ரெண்டு மூன்று போகம்கூட எடுக்கலாம். ஒன்று போனால் அடுத்ததில் பிடித்துக்கொள்ளலாம்.

பிரான்ஸின் பர்கண்டியில் அந்த வசதி இல்லை. குளிரில் கொடி மொத்தமாக உறங்கிவிடும். வெறும் குச்சியாக நிற்கும். குளிர்கால முடிவுக்குள் கவாத்து செய்வார்கள். ஏப்ரலில் மொட்டு விடும், ஜூனில் பூக்கும். பூத்ததிலிருந்து ஏறக்குறைய 100 நாள் எண்ணினால் அறுவடை. அவ்வளவுதான், வருஷம் முடிந்தது. அந்த ஒரு அறுவடையில் வந்த திராட்சையில் செய்ததுதான் அந்த வருஷத்து ஒயின். இதைத்தான் 'வின்டேஜ்' என்கிறார்கள். நாம் பழைய கார், பழைய சட்டைக்கெல்லாம் 'வின்டேஜ்' என்கிறோமே, அந்த வார்த்தை ஒயின் உலகத்திலிருந்து வந்ததுதான். அங்கே அதற்குப் 'பழசு' என்று அர்த்தமே கிடையாது. எந்த வருஷத்து அறுவடை என்பது மட்டும்தான்.

எல்லா ஒயினும் இப்படி இல்லை. சாதாரண ஷாம்பெயின் பாட்டிலில் பெரும்பாலும் வருஷமே இருக்காது. பல வருஷத்துச் சரக்கைக் கலந்து, எப்பவும் ஒரே ருசி வருகிற மாதிரி செய்வார்கள். ஒரு வருஷம் சொதப்பினால் முந்தின வருஷம் காப்பாற்றும். ஆனால் லேபிளில் வருஷம் போட்டால், அதில் குறைந்தது 85% அந்த வருஷத் திராட்சையாக இருக்க வேண்டும் என்பது ஐரோப்பிய யூனியன் விதி. பர்கண்டியின் நல்ல சிவப்பு ஒயின் செய்யும் குடும்பங்கள் அந்த 15% சலுகைப் பக்கமே பெரும்பாலும் போவதில்லை. மழை பெய்து கெட்டதா? கெட்ட வருஷம் என்று எல்லோருக்கும் தெரிகிற மாதிரி வருஷத்தைப் போட்டே விற்பார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 25 வயசில் அப்பாவிடமிருந்து பொறுப்பை வாங்கி, 65-ல் ஓய்வு பெறுகிற ஒருவர் வாழ்நாளில் மொத்தம் 40 தடவைதான் ஒயின் செய்ய முடியும். ஒரு சமையல்காரர் 40 தடவை பிரியாணி செய்து பழக ஒரு மாதம் போதும். இவருக்கு ஓர் ஆயுசு வேண்டும். அதனால்தான் அப்பா, தாத்தா எழுதி வைத்த நோட்டுப் புத்தகங்களுக்கு அங்கே அவ்வளவு மரியாதை.

இது பாகப்பிரிவினை நிலம்

திஜோன் நகரத்திலிருந்து தெற்கே நீளும் ஒரு மெலிந்த சரிவு. பெயர் 'கோத் தோர்'. நீளம் 50, 60 கிலோமீட்டர்தான். சிவப்புக்குப் பயிரிடுவது 'பினோ நுவார்' என்ற ஒரே ஒரு ரகம். தோல் மெல்லியது, நோய்க்கும் வெயிலுக்கும் சட்டென வாடும், விவசாயியைப் பாடாய்ப்படுத்தும் ரகம். சாறு வெள்ளையாகத்தான் இருக்கும். தோலோடு சேர்த்து நொதிக்க விடுவதால்தான் சிவப்பு வருகிறது.

ஒரே ரகம் என்றால் ருசியும் ஒன்றாகத்தானே இருக்கும்? அதான் இல்லை. சரிவின் எந்த உயரம், மண்ணில் எவ்வளவு சுண்ணாம்பு, மழைத் தண்ணீர் எப்படி வடிகிறது என்று பார்த்துப் பார்த்து, அந்த நிலத்தை நூற்றாண்டுகளாகத் துண்டு துண்டாகப் பெயரிட்டு வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு துண்டும் ஒரு 'க்ளிமா'. அப்படி 1,247 துண்டுகள். 2015-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. நம்ம ஊரில் 'மேட்டுக்காடு', 'கிணத்துக்காடு'ன்னு வயலுக்குப் பெயர் இருக்கிற மாதிரிதான். என்ன, இங்கே அந்தப் பெயர் லேபிளில் ஏறி விலையைத் தீர்மானிக்கிறது.

இயற்கை இவ்வளவு துண்டு போட்டது போதாது என்று, சட்டமும் சேர்ந்து துண்டு போட்டது.

முதலில் இந்த நிலங்களில் நிறைய மடங்களுக்குச் சொந்தமாக இருந்தவை. பிரெஞ்சுப் புரட்சி வந்ததும் அரசாங்கம் பறிமுதல் செய்து விற்றது. அடுத்து 1804-ல் நெப்போலியனின் சிவில் சட்டம். அப்பா சொத்து மூத்தவனுக்கு மட்டும் என்ற பழைய வழக்கம் போய், எல்லாப் பிள்ளைகளுக்கும் பங்கு என்று வந்தது. மகளுக்கும் உண்டு. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது, நியாயம்தான். ஆனால் ரெண்டு ஏக்கர் தோட்டத்துக்கு நாலு பிள்ளைகள் என்றால்?

'க்ளோ த வூஜோ' தோட்டத்தைப் பாருங்கள். மதில் சுவர் கட்டி, துறவிகள் வளர்த்த தோட்டம். சுமார் 50 ஹெக்டேர், அதாவது 125 ஏக்கர். புரட்சிக்குப் பிறகும் 1889 வரை மொத்தமும் ஒரே கையில்தான் இருந்தது. இன்று அதே மதிலுக்குள் ஏறக்குறைய 80 சொந்தக்காரர்கள். சிலருக்குச் சில வரிசைக் கொடிகள் மட்டும்தான். அந்த வரிசைகளில் கிடைக்கும் திராட்சையில் ஒரு பீப்பாய் நிரம்பினால் பெரிய விஷயம். ஒரு பீப்பாய் 228 லிட்டர், கிட்டத்தட்ட 300 பாட்டில். ஒரே சுவருக்குள் 80 பேர் செய்கிற ஒயினும் 'க்ளோ த வூஜோ'தான். அதனால் அங்கே தோட்டத்தின் பெயரை மட்டும் நம்பி வாங்கினால் மாட்டிக்கொள்வீர்கள். யார் செய்தது, எந்த வருஷம் என்ற ரெண்டு கேள்வியையும் கேட்டாக வேண்டும்.

குடும்பப் பெயர்களும் அப்படியே. வோன் ரொமானே கிராமத்தில் 'க்ரோ' என்றொரு குடும்பம். பிரித்துக்கொண்டே வந்ததில் இன்று மிஷெல் க்ரோ, ஆன் க்ரோ, ஏ.எஃப். க்ரோ என்று தனித்தனி லேபிள்கள். 'க்ரோ அண்ணனும் தங்கையும்' என்கிற அர்த்தத்தில்கூட ஒரு லேபிள் இருக்கிறது! கல்யாணமாகி ரெண்டு வீட்டு நிலம் சேர்ந்தால் பெயரும் சேர்ந்துகொள்ளும்: மேயோ-காமுஸே, கோஷ்-த்யூரி, மோன்ழார்-முன்யெரே. லேபிள்களை வரிசையாக வைத்தால் யார் யாருக்குச் சம்பந்தி என்று சொல்லிவிடலாம். 1959-லேயே சிவாஜி நடித்த 'பாகப்பிரிவினை'யைப் பார்த்து அழுத நமக்கு இது ஒன்றும் புதுசில்லை.

நிலம் இல்லாதவர்களும் இந்தக் கதையில் உண்டு. ஆன்ரி ஜயே, 1922-ல் பிறந்தவர். இரண்டாம் உலகப் போர் முடிகிற நேரத்தில் காமுஸே குடும்பத்தின் தோட்டங்களை வாரத்துக்கு எடுத்துப் பயிரிட்டார். விளைச்சலில் ஒரு பங்கு நிலத்துக்காரருக்கு, ஒரு பங்கு இவருக்கு. அதே ஊரில் 'க்ரோ பரான்த்து' என்று ஒரு கரடு கிடந்தது. போர்க்காலத்தில் கிழங்கு போட்ட இடம். வேலைக்கு ஆகாது என்று எல்லோரும் விட்ட அந்தப் பாறை நிலத்தை வெடி வைத்து உடைத்து, கொடி நட்டார். பின்னாளில் உலகத்தின் விலை உயர்ந்த சிவப்பு ஒயின்களில் ஒன்று அந்தக் கரட்டிலிருந்துதான் வந்தது. ஜயே 2006-ல் இறந்தார். அவர் கையால் செய்த வருஷங்களுக்கு இன்றும் தனி விலை.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 'குடும்பமே பாட்டிலில் அடைத்து விற்பது' என்பது ஏதோ ஆதிகாலப் பழக்கம் இல்லை. முன்பெல்லாம் விவசாயிகள் பீப்பாயாக வியாபாரியிடம் கொடுத்துவிடுவார்கள். வியாபாரி தன் பெயரில் விற்பார். நடுவில் தெற்கிலிருந்தும் அல்ஜீரியாவிலிருந்தும் வந்த கெட்டியான ஒயினைக் கலந்து 'திடமாக்குவதும்' நடந்தது. 1920, 30-களில்தான் தான்ஜெர்வில், கூஜ், ரூசோ போன்ற சில குடும்பங்கள் முறுக்கிக்கொண்டு, சொந்தமாக பாட்டிலில் அடைக்க ஆரம்பித்தன. போன்சோ குடும்பமும் அந்த ஆரம்பக் கூட்டத்தில் உண்டு, 1934-லிருந்து. அந்த நியூயார்க் ஏலத்தில் இன்னொரு 'போன்சோ' பாட்டில் 1929 என்று இருந்ததும் இதனால்தான் அபத்தம்.

ராத்திரி மூன்று மணிக்கு மெழுகுவத்தி

வருஷத்தின் தலையெழுத்தை மாற்றுவது பல சமயம் ஒரே ஒரு ராத்திரி.

மார்ச் மாதம் வழக்கத்தைவிடச் சூடாக இருந்தால் கொடி ஏமாந்து சீக்கிரமே துளிர்த்துவிடும். அந்தப் பச்சைத் துளிர் மேல் ஏப்ரலில் உறைபனி விழுந்தால் கருகிவிடும். மறுபடி துளிர்க்கும், ஆனால் அதில் காய் பெரிதாக இருக்காது. 2016 ஏப்ரல் கடைசியில் அப்படி ஒரு ராத்திரி வந்தது. 2021 ஏப்ரல் முதல் வாரத்தில் தொடர்ந்து பல ராத்திரிகள்.

அந்த ராத்திரி போட்டோக்களை நீங்கள் இன்ஸ்டாகிராமில் பார்த்திருக்கலாம். இருட்டில் மலைச்சரிவு முழுக்க ஆயிரக்கணக்கில் தீபம். நமக்குக் கார்த்திகை மாதிரி தெரியும். உண்மையில் அது மெழுகு நிரப்பிய தகர வாளிகள். ஒரு ஹெக்டேருக்கு நூற்றுக்கணக்கில் வேண்டும். செலவு எக்கச்சக்கம் என்பதால் விலை உயர்ந்த துண்டுகளுக்கு மட்டும்தான் கட்டுப்படியாகும். அப்பா, பிள்ளை, பக்கத்து வீட்டுக்காரர் எல்லோரும் நடுராத்திரியில் எழுந்து ஓடிக் கொளுத்துவார்கள். வெப்பம் ரெண்டு மூன்று டிகிரி ஏறினால் துளிர் தப்பிக்கும்.

விடியற்காலையில் ஈர வைக்கோலை எரிப்பது இன்னொரு வழி. அது சூடாக்குவதற்கு இல்லை, புகைக்காக. பனியில் உறைந்த துளிர் மேல் காலை வெயில் நேராக அடித்தால் அது கருகும். புகை மூடினால் மெதுவாக உருகும். 2017-ல் பர்கண்டிக் கிராமங்கள் ஒன்று சேர்ந்து இப்படிப் புகை போட்டன. அடுத்தவன் நிலத்துக்கும் சேர்த்துத்தான் புகை போகும் என்பதால், இதில் மட்டும் பங்காளிச் சண்டை கிடையாது.

பனி இல்லாவிட்டால் ஆலங்கட்டி. போமார், வோல்னே பக்கம் 2012, 2013, 2014 என்று மூன்று வருஷம் தொடர்ந்து அடித்தது. கிடங்கில் பழைய சரக்கு இருந்தால் சமாளிக்கலாம். ஏழு எட்டு ஏக்கர் வைத்திருக்கும் வீட்டில் மூன்று வருஷம் பீப்பாய் காலி என்றால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

இந்த ஊர்களுக்கு நடுவில் 'போன்' என்று ஒரு நகரம் இருக்கிறது. (கையில் வைத்திருக்கும் போன் இல்லை, ஊர் பெயரே அதுதான்!) அங்கே 1354-லிருந்து அறுவடை எந்தத் தேதியில் தொடங்கியது என்பதற்குக் குறிப்புகள் இருக்கின்றன. நம்ம விஜயநகரப் பேரரசு தொடங்கிக் கொஞ்ச வருஷம்தான் ஆகியிருந்த காலம். 2019-ல் ஆய்வாளர்கள் அந்த 664 வருஷக் கணக்கை வெளியிட்டார்கள். 1987 வரைக்கும் சராசரியாக செப்டம்பர் 28-ல் அறுவடை. 1988-க்குப் பிறகு சராசரியாக 13 நாள் முன்னதாகவே. 2003-ல் ஆகஸ்ட்டிலேயே வெட்டிவிட்டார்கள். அறுநூறு வருஷமாகப் பெரிதாக நகராத தேதி, ஒரே தலைமுறையில் ரெண்டு வாரம் நகர்ந்திருக்கிறது. தாத்தாவின் நோட்டுப் புத்தகம் இனிமேல் எவ்வளவு உதவும் என்பது அந்த வீட்டுப் பிள்ளைகளின் இன்றைய கவலை.

4 கோடி ரூபாய்க்கு ஒரு பாட்டில்

'ரொமானே கோன்ட்டி' தோட்டத்தின் மொத்தப் பரப்பு 1.8 ஹெக்டேர். சுமார் நாலரை ஏக்கர். ரெண்டு குடும்பங்களுக்குச் சொந்தம். 19-ம் நூற்றாண்டில் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு வேர்ப்பூச்சி ஐரோப்பாவின் திராட்சைகளைத் தின்று தீர்த்தபோது, எல்லோரும் அமெரிக்க வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டித் தப்பித்தார்கள். இந்தத் தோட்டம் மட்டும் மருந்து வைத்து, மருந்து வைத்துப் பழைய வேரையே காப்பாற்றிக்கொண்டிருந்தது. போர்க்காலத்தில் மருந்தும் இல்லை, ஆளும் இல்லை. 1945-ல் மிஞ்சிய கொடிகளில் கிடைத்தது வெறும் 600 பாட்டில். அத்தோடு எல்லாவற்றையும் பிடுங்கிப் புதிதாக நட்டார்கள். 1946 முதல் 1951 வரை ரொமானே கோன்ட்டி என்ற ஒயினே கிடையாது. அடுத்த பாட்டில் 1952.

அந்த 600-ல் ஒன்று 2018 அக்டோபரில் நியூயார்க் ஏலத்தில் 5,58,000 டாலருக்குப் போனது. நம்ம பணத்தில் 4 கோடிக்கு மேல். எந்த ஒயினும் அந்த விலைக்கு ருசியாக இருக்க முடியாது என்பது என் எண்ணம். வாங்கியவர் வாங்கியது அந்த வருஷத்தை.

இந்த விலை பார்க்கப் பெருமையாக இருக்கும். ஆனால் அதுதான் குடும்பங்களின் கழுத்தையும் பிடிக்கிறது. பாட்டில் விலை ஏறினால் நிலத்தின் விலை ஏறும். பர்கண்டியின் முதல்தரத் தோட்டம் ஒரு ஹெக்டேர் இன்று பல மில்லியன் யூரோ. பிரான்ஸில் அப்பா சொத்து பிள்ளைக்கு வரும்போது வாரிசு வரி உண்டு. உச்சத்தில் 45% வரை போகும். விவசாயத்தைத் தொடர்ந்தால் சலுகைகள் இருக்கின்றன, இருந்தாலும் வரி நில விலையை வைத்துத்தான் போடப்படுகிறது, வருமானத்தை வைத்து இல்லை. அதோடு, பாரிஸில் வேலை பார்க்கும் அண்ணனும் டாக்டரான தங்கையும் தங்கள் பங்கைப் பணமாகக் கேட்டால், தோட்டத்தில் மண்வெட்டியோடு நிற்கிற கடைக்குட்டி எங்கே போவான்? சில வீடுகளில் நிலத்தை ஒரு குடும்பக் கம்பெனியின் பெயருக்கு மாற்றி, பிள்ளைகளுக்குப் பங்குகளாகக் கொடுத்துச் சமாளிக்கிறார்கள். பங்கு வைத்திருக்கும் சித்தப்பா, அத்தை எல்லோரும் சம்மதிக்கிற வரைக்கும் அது ஓடும்.

ஓடாதபோது வாசலில் பெரிய கார் வந்து நிற்கிறது. 2014-ல் 'க்ளோ தே லாம்ப்ரே' தோட்டத்தை லூயி வுய்ட்டான் கைப்பைகளின் தாய் நிறுவனமான எல்.வி.எம்.ஹெச் வாங்கியது. 2017-ல் 'க்ளோ த தார்' தோட்டம், கூச்சி பிராண்டை வைத்திருக்கும் குழுமத்தைக் கட்டியெழுப்பிய ஃபிரான்ஸுவா பினோவிடம் போனது. 1141-ல் கன்னியாஸ்திரிகள் தொடங்கிய தோட்டம் அது. 870 வருஷத்துக்கு மேல் அதற்கு மூன்றே சொந்தக்காரர்கள்தான். அந்தத் தோட்டங்களில் ஒயின் கெட்டுப்போய்விடும் என்று சொல்ல முடியாது. பணம் இருப்பதால் இன்னும் நன்றாகக்கூட வரலாம். ஒரு வருஷம் பனியில் போனாலும் அவர்களுக்குக் கைப்பை விற்கும். பக்கத்து வரிசைக்காரருக்கு அந்த வருஷம்தான் எல்லாமே.

எப்போதாவது ஏர்போர்ட் கடையிலோ, வெளிநாட்டு நண்பர் வீட்டிலோ பர்கண்டி பாட்டில் கையில் கிடைத்தால், லேபிளின் ஓரத்தில் பொடி எழுத்தில் 'மீஸ் ஆன் பூத்தெய் ஓ தொமேன்' என்று இருக்கிறதா பாருங்கள். தோட்டக்காரர் வீட்டிலேயே பாட்டிலில் அடைத்தது என்று அர்த்தம். அப்புறம் குடும்பப் பெயர், தோட்டத்தின் பெயர், கடைசியாக வருஷம். 2021 என்று இருந்தால் அந்த மெழுகுவத்தி ராத்திரிகளைத் தாண்டி வந்த பாட்டில் அது.

நியூயார்க்குக்கு ஃப்ளைட் ஏறிப் போன லோரான் போன்சோ என்ன ஆனார் என்று கேட்கிறீர்களா? 2017-ல் அவரே குடும்பத் தோட்டத்திலிருந்து விலகி, தன் பெயரில் தனியாக ஒயின் செய்ய ஆரம்பித்துவிட்டார். பழைய தொமேனை அவருடைய சகோதரி நடத்துகிறார். கடை அலமாரியில் இப்போது ரெண்டு போன்சோ இருக்கிறது.